வலது மூலையில் தங்கச்சி

கேக் மாஸ்டருக்கு இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி டிவியில் வரப்போகிறாள்.

நடிக்க அல்ல, பாட அல்ல. மதியம் ஒரு மணிச் செய்தியை ஒரு அம்மாள் நடுவில் உட்கார்ந்து வாயால் வாசிக்க வாசிக்க, திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று அதையே கையால் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. காது கேட்காதவர்களுக்காக அந்தச் சேனலில் புதிதாகச் செய்த ஏற்பாடு. மாஸ்டருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர் மனைவிக்கும் அப்படியே. தங்கச்சிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அவள் வாய்ப்பேச்சுக்கு முன்னால் கைப்பேச்சைத்தான் கற்றாள். அண்ணனோடு சண்டை போட வேறு வழி இல்லையே!

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதிப் பேச்சு கையால் பேசியது. ஒவ்வொரு தடவையும் ‘சைகையில் சொன்னார்’ என்று எழுதினால் எனக்கும் கை வலிக்கும், உங்களுக்கும் அலுத்துப்போகும். அதனால் பேசினார்கள் என்றே எழுதுகிறேன். அவர்கள் பேசத்தான் செய்தார்கள்.

சேதி சொல்ல வந்த அன்றைக்கே தங்கச்சி சந்தோஷத்தோடு ஒரு முள்ளையும் வைத்துவிட்டுப் போனாள்.

“ஒரு வாரம் வச்சுப் பார்ப்பாங்களாம் அண்ணா. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுன்னு சொல்லிட்டாங்க.”

“பிறகென்ன? போட வேண்டியதுதானே.”

“அங்க யாருக்கும் நம்ம பேச்சு தெரியாது. நான் கையை ஆட்டினாப் போதும், பிரமாதம்னுடுவாங்க. ஈ ஓட்டினாக்கூட அதுவும் செய்திதான்னு நெனச்சுப்பாங்க. புரிஞ்சுதா இல்லையான்னு நீதான் சொல்லணும். புரியலைன்னு நீ சொல்லிட்டா நான் போகமாட்டேன். பார்க்கறவங்களுக்குப் புரியாம அந்த மூலையில நின்னு சம்பளம் வாங்க எனக்கு மனசு வராது.”

“உன் கை எனக்குப் புரியாதா?”

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் கதையே வேண்டாம். பாசத்தை மூட்டை கட்டி வச்சுட்டு நியாயமாச் சொல்லணும். இன்னொண்ணு, அந்த வாரம் முழுக்க நீ பேப்பர் படிக்கக் கூடாது. என் கையிலேர்ந்து என்ன வருதோ அதுதான் உனக்குச் செய்தி.”

மாஸ்டர் அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்த பிறகுதான் இடி மாதிரி ஒன்று நினைவுக்கு வந்தது. மதியம் ஒரு மணிக்கு அவர் பேக்கரியில் இருப்பார். மாலை நாலு மணி வரை அங்கே அவருக்குத் தலை நிமிர நேரம் கிடையாது. மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஐந்து மணி வரை வேலை. வீட்டில் இருப்பதோ பழைய சதுர டிவி. தங்கச்சி வேலை பார்க்கிற சேனல் அதில் வரவே வராது.

“செட்டாப் பெட்டி ஒண்ணு வாங்கிடலாம்,” என்றார் மனைவி. “சேனலும் வரணும், அதுவே பதிவும் பண்ணி வைக்கணும். நாம வந்து பார்த்துக்கலாம்.”

அடுத்த நாள் மாலை இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்கு அடர்ந்த மீசை. அதன் பின்னால் உதடு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, ‘எங்களுக்குக் காது கேட்காது. டிவிக்குப் பெட்டி வேண்டும். பதிவு செய்ய வேண்டும்’ என்று எழுதிக் காட்டினார். அதைப் படித்ததும் கடைக்காரர் உலகத்தில் எல்லோரும் செய்வதையே செய்தார். குரலை உயர்த்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், இந்த இருவரைத் தவிர.

“இவர் பேசறாரா, கொட்டாவி விடறாரா?” என்றார் மனைவி.

“சும்மா இரு. சிரிச்சுடுவேன்.”

நல்ல மனிதர்தான். சீக்கிரமே சுதாரித்துக்கொண்டு நோட்டை வாங்கித் தானும் எழுத ஆரம்பித்தார். வியாபாரிக்குப் பழக்கம் விடுமா? முதல் பெட்டியைக் காட்டி, ‘தியேட்டர் மாதிரி சத்தம்!’ என்று எழுதி இரண்டு கோடும் போட்டார். போட்டுவிட்டுத் தான் எழுதியதைத் தானே படித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஸ்டர் முந்திக்கொண்டு சிரித்ததால் எல்லாரும் சிரிக்க முடிந்தது.

மாஸ்டர் தெளிவாக இருந்தார். எங்கள் வீட்டு டிவி பழையது, சதுரமானது, அதே மாதிரி ஒன்றில் மாட்டிக் காட்டுங்கள் என்று எழுதினார். கடைக்காரர் ரிப்பேர் மேஜையிலிருந்து ஒரு கிழட்டு டிவியைத் தூக்கி வந்தார். மாஸ்டர் அவரிடம் விலை ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று கேட்டு வாங்கி, கண்ணை இடுக்கிப் பார்த்து, திரையின் வலது கீழ்மூலையில் ஒட்டினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருஷமாக டிவி விற்கிறார். எல்லாரும் நடுவில் பார்ப்பார்கள். இந்த மனிதர் படத்தையே பார்க்காமல் ஸ்டிக்கரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் பெட்டியைப் போட்டதும் வலது கீழ்மூலையில், சரியாக ஸ்டிக்கர் இருந்த இடத்தில், ஒரு கடிகாரம் வந்து உட்கார்ந்தது. ரிமோட்டில் என்ன அமுக்கினாலும் அது நகரவில்லை.

“தங்கச்சி தலையில கடிகாரமா?” என்றார் மாஸ்டர். “வேண்டவே வேண்டாம்.”

இரண்டாவது பெட்டியில் கடிகாரம் இல்லை. ஆனால் அது அகலமான படத்தைச் சதுர டிவிக்குள் அடக்குவதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டியது. திரையில் ஒரு மனிதர் நடந்து வந்தார், அவரோடு வந்த நாய்க்குப் பின்பாதியே இல்லை.

“இதுல தங்கச்சிக்கு ஒரு கைதான் மிஞ்சும்,” என்றார் மனைவி. “பாதிச் செய்திதான் வரும்.”

மூன்றாவது பெட்டி பார்க்க அவ்வளவு பகட்டாக இல்லை. ஆனால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தை முழுசாகக் காட்டியது. மாஸ்டர் ஸ்டிக்கரை உரித்துக் கொஞ்சம் மேலே ஒட்டினார். காத்திருந்தார். மூலையில் எதுவும் வந்து உட்காரவில்லை. சேனல் பெயர் ஒரு நொடி வந்தது, பட்டனை அமுக்கியதும் மரியாதையாகப் போய்விட்டது. ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம் என்று கடைக்காரர் எழுதினார். தினமும் ஒரே நேரத்தில் தானாகப் பதிவாகும். பத்து நொடி பின்னால் போக ஒரு பட்டன், மெதுவாக ஓட்ட ஒரு பட்டன். மனைவி அந்த இரண்டு பட்டனையும் பத்துத் தடவையாவது அமுக்கிப் பார்த்தார். யாராவது பேசுவதைத் திரும்பவும், மெதுவாகவும் சொல்ல வைக்கிற பட்டன்! உலகத்தில் எத்தனை பேருக்கு இதை மாட்டிவிட வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியில் கடைக்காரர் பொறுக்க முடியாமல் எழுதிக் கேட்டார்: ‘அந்த மூலையில் அப்படி என்ன இருக்கிறது?’

‘என் தங்கச்சி வரப்போகிறாள். ஒரு மணிச் செய்தி’ என்று மாஸ்டர் எழுதினார்.

கடைக்காரர் நோட்டைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார். அது இஸ்திரிப் பெட்டியின் விலை எழுதிய ஸ்டிக்கர். அதை மெல்ல உரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் குறிப்புத் தாளை வரி விடாமல் படித்தார். பெட்டியையும் டிவியையும் இணைக்கிற ஒயருக்கு மூன்று தலை இருந்தது. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு என்று தாளில் தெளிவாகவே போட்டிருந்தது. மாஸ்டர் யோசித்தார். சத்தம் யாருக்கு? வீண்தானே. சிவப்பையும் வெள்ளையையும் நுனியிலிருந்து கிழித்துத் தனியாக எடுத்துவிட்டு மஞ்சளை மட்டும் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. மிஞ்சிய ஒயரை மனைவி பால்கனிக்குக் கொண்டுபோய், சாய்ந்து கிடந்த மல்லிகைக் கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கணக்குச் சரிதான். வீட்டுக்குக் காது கேட்கிற விருந்தாளிகளும் வருவார்கள் என்பது மட்டும் கணக்கில் விட்டுப்போனது.

திங்கட்கிழமை விடிந்தது. பேப்பர் படிக்காமல் இருப்பது மாஸ்டர் நினைத்த மாதிரி லேசாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை விரித்தார், மாஸ்டர் பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். பேக்கரியில் தட்டுக்கு அடியில் விரிப்பதே பேப்பர். அந்த வாரம் அவர் தட்டுகளைக் கண் தெரியாதவர் மாதிரித் தடவித் தடவி எடுத்தார். ஒரு மணிக்கு அவர் கையில் கிரீம் பிழிகிற பை இருந்தது. பிறந்தநாள் கேக்கில் ரோஜாப் பூ வைத்துக்கொண்டிருந்தவர், கேட்டது ஐந்து என்பதை மறந்து பதினொன்று வைத்துவிட்டார். வாங்க வந்தவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாலை ஆறு மணிக்கு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பெட்டி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மணிச் செய்தி அப்படியே உள்ளே இருந்தது. கறுப்புப் பட்டைக்கு மேலே, வலது மூலையில், கட்டைவிரல் உயரத்துக்குத் தங்கச்சி! இரண்டு கையும் முழுசாக இருந்தது.

முதல் தடவை ஓடியபோது இருவருக்கும் ஒரு செய்தியும் மண்டையில் ஏறவில்லை. மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். மனைவி, “புடவை நல்லா எடுக்குது, புடவை நல்லா எடுக்குது,” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவைதான் மாஸ்டர் எழுத உட்கார்ந்தார். ஐசிங்கில் எழுதிப் பழகிய கை, பொடி எழுத்து அவருக்கு வராது. நோட்டுப் பக்கம் நாலே வரியில் தீர்ந்துவிடும். அதனால் பேக்கரியிலிருந்து பெரிய கேக் டப்பா மூடிகள் கொண்டுவந்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு மூடி. புரிந்த செய்திகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுதினார். திங்கள் பத்து. செவ்வாய் ஒன்பது. ஒன்றுகூட விடவில்லை. அவள் கையில் ஆறு ஓடியது, லாரி திரும்பிப் போனது, ஹாக்கிக்காரர்கள் தோற்றுத் தலை குனிந்தார்கள்.

புதன்கிழமைதான் வந்தது வினை.

ஆறாவது செய்தி முடிந்தது. செய்தி வாசிக்கிற அம்மாள் ஏழாவதை ஆரம்பித்தார், திடீரென்று அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பும் சொல்லுமாக என்னவோ சொல்லி முடித்தார். மூலையில் தங்கச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது நொடி. பிறகு அவள் நேராகப் பார்த்து, “ஒண்ணை விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க,” என்றாள். அடுத்த செய்திக்குப் போய்விட்டாள்.

மாஸ்டர் பத்து நொடி பட்டனை அமுக்கினார். திரும்பவும் அமுக்கினார். அப்புறம் மூடியில் ஏழு என்று எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார்.

“அந்த ஏழாம் நம்பரை எடுத்துடுங்க,” என்றார் மனைவி. “எட்டை ஏழாக்கிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“பொல்லாத சத்தியம்! ரோஷக்காரி அவ. இதைப் பார்த்தா திங்கக்கிழமை போகமாட்டா. ஒத்தை வரிக்காக அவ பொழைப்பைக் கெடுப்பீங்களா?”

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். வியாழன் முழுக்கவும், வெள்ளி முழுக்கவும் அந்த வெறும் வரி அவரை அரித்தது. எடுத்துவிடலாம் என்று பேனாவைக் கையில் எடுப்பார், வைத்துவிடுவார். அதோடு இன்னொரு அரிப்பு. அந்த அம்மாள் எதற்குச் சிரித்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை இரவு படுக்கப் போகும்போதும் மூடியில் ஏழு அப்படியேதான் இருந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வாசல் பட்டனை யாரோ அமுக்க, கூடத்தில் விளக்கு மினுக்மினுக்கென்றது. தங்கச்சியும் அவள் புருஷனும். மாப்பிள்ளைக்குச் சொந்த சலூன். அங்கே காலை முதல் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். பெண்டாட்டி கையால் சொன்ன ஐந்து நாள் செய்தியையும் காதால் கேட்டவர். அதனால் அவர்தான் சாட்சி என்று தங்கச்சி முன்பே சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கைப்பேச்சு அரைகுறை. பேசும்போது கையில் கத்தரிக்கோல் இருக்கிற மாதிரியே விரல் ஆடும்.

மாஸ்டர் பெருமையாகப் பெட்டியைப் போட்டார். தங்கச்சி திரையில் வந்தாள். மாஸ்டரும் மனைவியும் விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். திரையில் கோடு கோடாக ஏறி முழுசாக நின்றது. டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஏன் மாப்பிள்ளை அதைப் போட்டு அடிக்கிறீங்க?” என்றார் மாஸ்டர்.

“அண்ணா, சத்தமே வரல,” என்றாள் தங்கச்சி.

“சத்தமா?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி பால்கனியைப் பார்த்தார். தங்கச்சி ஓடிப்போய் டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே மஞ்சள் ஒயர் மட்டும் ஒற்றையாக நின்றது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அஞ்சு நாளா சத்தம் இல்லாமலா பார்த்தீங்க?”

“அஞ்சு நாளும் நல்லாத்தானே இருந்துச்சு,” என்றார் மனைவி.

ஒயரை அவிழ்த்துவர மாஸ்டர் எழுந்தார். தங்கச்சி தடுத்தாள். “இருக்கட்டும் அண்ணா. இதுதான் சரியான பரீட்சை. சத்தம் இருந்தா நான் காதால கேட்டுட்டு எல்லாம் சரியா இருக்குன்னு என்னையே ஏமாத்திப்பேன். நீ எழுதினதை எடு. இவர் சரியான்னு சொல்லட்டும்.”

மூடிகள் மேஜைக்கு வந்தன. தங்கச்சி வாய்விட்டுப் படிக்க, மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நினைவுபடுத்தினார். அவர் ஞாபகசக்தி தனி ரகம். செய்திகள் எல்லாம் தலைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“திங்கள் ஒண்ணு. ஆத்துப் பாலத்துல லாரி போகக் கூடாது.”

“சுருட்டைமுடி வாத்தியார். பின்பக்கம் மிஷின் போட்டுக்கிட்டு இருந்தேன். ஆமா, சொன்னாங்க. சரி.”

“ரெண்டு. பரீட்சை முடிவு தள்ளிவச்சாச்சு.”

“அதே வாத்தியார்தான். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிட்டார், கிருதா கோணிப்போச்சு. சரி!”

திங்கள் பத்துக்குப் பத்து. செவ்வாய் ஒன்பதுக்கு ஒன்பது. ஒவ்வொரு ‘சரி’க்கும் தங்கச்சியின் முகம் ஒரு சுற்றுப் பெருத்தது. மாஸ்டர் மட்டும் மூன்றாவது மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி அதை எடுத்தாள். ஆறு வரை வேகமாகப் படித்தாள். ஏழில் நின்றாள். எண் இருந்தது, எழுத்து இல்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனதை மாஸ்டர் பார்த்தார். பார்க்க முடியவில்லை.

“நீ அதைக் கணக்குல சேர்க்க மாட்டேன்னு நெனச்சேன் அண்ணா. அவங்க சிரிச்சுக்கிட்டே வாசிச்சாங்க. ஒரு வார்த்தைகூடப் பிடிபடல. கை நின்னுபோச்சு. முடிஞ்சதும் வெட்கமாப்போய் யாரையும் கேட்காம ஓடிவந்துட்டேன்.” அவள் மூடியைக் கீழே வைத்தாள். “எனக்கு இந்த வேலை வேண்டாம். இன்னிக்கு ஒண்ணு விடுவேன், நாளைக்கு நாலு விடுவேன். நாளைக்கு நான் போகல.”

மனைவி மாஸ்டரைப் பார்த்த பார்வையில் ‘சொன்னேனா இல்லையா?’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

மாஸ்டர் மாப்பிள்ளையைக் கேட்டார்: “அன்னிக்கு எதுக்குச் சிரிச்சாங்க?”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “அதை ஏன் கேக்கறீங்க மச்சான். வெந்நீர் எடுக்க உள்ள போனேன். வந்து பார்த்தா கடையே சிரிக்குது. முகத்துல சோப்பு நுரையோட ஒருத்தர் உருண்டு புரண்டு சிரிக்கிறார். என்னய்யா சேதின்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லண்ணே, அப்புறம் சொல்றோம்’னுட்டாங்க. நாலு நாளாச்சு. இன்னும் ஒருத்தனும் சொல்லல.” தங்கச்சி அதை அப்படியே அண்ணனுக்குச் சொன்னாள்.

மாஸ்டர் மாப்பிள்ளையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பக்கத்தில் போய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார். “ஒயரை அவிழ்த்துட்டு வா.”

கொடி சாய்ந்தது சாய்ந்தபடி கிடக்க, சிவப்பும் வெள்ளையும் உள்ளே வந்தன. மாட்டியதும் வீடே அதிர்ந்தது. சத்தம் முழுசாக ஏற்றி வைத்ததை எல்லாரும் மறந்திருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியோடு துள்ளி விழுந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாஸ்டருக்கும் மனைவிக்கும் உள்ளங்காலில் குறுகுறுவென்றது. “இதுதானா அது?” என்றார் மனைவி.

சத்தத்தைக் குறைத்துப் புதன்கிழமையைப் போட்டார்கள். தங்கச்சி டிவியில் காதை வைத்துக் கேட்டாள். பத்து நொடி பின்னால் போனாள். மறுபடியும் கேட்டாள். அந்தப் பெட்டி வாங்கி ஒரு வாரத்தில், காது கேட்கிற ஒருவர் அந்தப் பட்டனை அமுக்கியது அதுதான் முதல் தடவை. நாலாவது தடவையில் மாப்பிள்ளை ‘ஐயோ’ என்று வாயைப் பொத்தினார். தங்கச்சி படத்தை நிறுத்தினாள். எழுந்து, டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். கட்டைவிரல் உயரம் இல்லை, முழு உயரம்.

“மிருகக்காட்சி சாலையில ஒரு பெரிய ஆமையைக் காணோம்,” என்று தொடங்கினாள். “மூணு நாளா தேடறாங்க. சுவத்துல எல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சு. குளத்தை இறைச்சாச்சு. பெரிய அதிகாரி ஒரு கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, நீ அந்தப் பக்கம் போ, நீ இந்தப் பக்கம் போன்னு உத்தரவு போடறார்.” அவள் அதிகாரியாகவே மாறியிருந்தாள். நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் பார்த்தாள், மிரட்டினாள், விரலை நீட்டி விரட்டினாள். “மூணாவது நாள் சாயங்காலம் பார்த்தா, அதிகாரி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து போறார்.”

ஒரு கணம் மாஸ்டருக்குப் புரியவில்லை. தங்கச்சி இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, உத்தரவு போட்ட கோலத்திலேயே, அங்குலம் அங்குலமாகக் கூடத்தின் குறுக்கே நகர்ந்தாள். கால் நடக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த கல் நடந்தது.

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரிப்பு அவருக்குக் கேட்காது, மற்றவர்களுக்கு நன்றாகவே கேட்கும். எதிர்வீட்டு ஜன்னல் மறுபடியும் திறந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதுதான்,” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். தங்கச்சிக்கும் தொற்றிக்கொண்டது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தார்கள்.

மாஸ்டர்தான் முதலில் எழுந்தார். மூடியை எடுத்து, ஏழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், கேக்கில் பெயர் எழுதுகிற அதே கையெழுத்தில், ‘ஆமை கிடைத்தது’ என்று எழுதினார். எழுதி முடித்துத் தங்கச்சியிடம் நீட்டினார்.

“நியாயமாச் சொல்லச் சொன்னியே, சொல்றேன். மாப்பிள்ளைக்கு நாலு நாள். எனக்கு நாப்பத்தாறு வருஷம். கல்யாண வீட்டுல சிரிப்பாங்க, பஸ்ல சிரிப்பாங்க, நம்ம வீட்டுலயே அப்பாவும் சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். நீயும் சொல்லியிருக்க. அந்த அப்புறம் வந்ததே இல்ல. எத்தனை விட்டுப்போச்சுன்னு எனக்குக் கணக்கும் தெரியாது. புதன்கிழமைதான் முதல் தடவையா ஒருத்தி என்னை நேராப் பார்த்து, ஒண்ணை விட்டுட்டேன்னு சொன்னா. அதனாலதான் அந்த வரியை நான் மூடல. அது எனக்கு வரவேண்டிய வரி.”

தங்கச்சி மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

“விடாம சொல்ற ஆளு யாராவது கிடைப்பாங்க,” என்றார் மாஸ்டர். “விட்டா விட்டேன்னு சொல்ற ஆளு கிடைக்க மாட்டாங்க. நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போடு.”